மண்ணூர்பேட்டை ப்ளூஸும் காணாமல் போன சிலிண்டரும்

கட்டாத பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்று மைக் பிடித்து அழுத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மண்ணூர்பேட்டையில், நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பெயர் ரிஜெக்ட். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்து வரும் போல்ட்டை அளந்து பார்த்து, மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் சிவப்பு பெயிண்ட் தடவி, சிவப்பு டப்பாவில் போட வேண்டும். மற்றவர்களுக்கு ஷிஃப்ட் முடிந்தால் வேலை முடிந்துவிடும். இவருக்குத் தெருமுனையில்தான் இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பமாகும். டீ வாயில் பட்டதும், "சாயம் ஜாஸ்தி, ரிஜெக்ட்." புதிதாகப் போட்ட ரோட்டைச் செருப்பால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "லெவல் இல்ல, ரிஜெக்ட்." பெண் பார்க்கப் போன இடத்தில் வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இல்லையாம். பெண்ணைப் பிடித்துத்தான் இருந்ததாம். ஆனால் பஜ்ஜி போட்டது பெண் என்று யாரும் முன்கூட்டியே அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவும் இல்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, மனைவி குழந்தையோடு அவர் வீட்டு மாடியில் குடியேறியவன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கம்ப்யூட்டரு" என்பார். ஒருநாள் கதவைத் தட்டி, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் தொப்பி வைத்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, கிதாரைத் தட்டித் தட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரு, இது இன்னா பாட்டு?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். ப்ளூஸ் என்று பெயர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு. ஒரே வரியை இரண்டு தரம் பாடிவிட்டு மூன்றாவது வரியில் விஷயத்தைச் சொல்வார்கள், சுதியைச் சில இடங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிப் பிடிப்பார்கள் என்றேன்.

"வேணும்னேவா?" என்றார். "வேணும்னே கோணலா எறக்கறாரா?"

அன்றைக்குத்தான் அந்த முகத்தில் ஒரு திருப்தியைப் பார்த்தேன். "எட்டு மணி நேரம் எல்லாம் சரியா கீதான்னு பாத்துகினே கீறேன். ஒண்ணாவது கோணலா இருந்துட்டு போவட்டுமே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் கிதார் வந்தது. அதற்கடுத்த வாரம் எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் காலி செய்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் இன்றும் சொல்கிறார்.

ப்ளூஸுக்கு மவுத் ஆர்கன் வேண்டும். அதற்கு அகப்பட்டவன் கொயர். முத்தாபுதுப்பேட்டைப் பையன், ஆவடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மாதா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயசிலிருந்து பாடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். குரல் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கும். மவுத் ஆர்கனும் அப்படித்தான். தப்பாக வாசிக்கச் சொன்னால்கூட அவனுக்கு வராது. சண்டையே அங்கேதான்.

"சுதி சுத்தமா கீது. ரிஜெக்ட்."

"அண்ணே, சுத்தமா இருந்தா நல்லதுதான அண்ணே?"

"டேய், பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு நான் அழுதுகினு கீறேன். நீ இன்னாடா பின்னாடி பூசைக்கு மணி அடிக்கற மாதிரி ஊதற?"

பாவம், கொயர் எவ்வளவோ முயன்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே, கன்னம் வலிக்க ஊதினான். ஒரு தடவைகூட அண்ணன் வாயிலிருந்து "ஓகே" வரவில்லை. பாடுகிறேன் என்று கேட்டால் அதற்கும் அனுமதி இல்லை. 'மண்ணூர்பேட்டை ப்ளூஸ்' என்ற அந்த இருவர் குழுவில் பாடுவது ரிஜெக்ட்டின் தனி உரிமை. ஆனாலும் அவன் ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டே இருந்தான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் கச்சேரியை ஏற்பாடு செய்த பாவம் என்னுடையது. என் ஆபீஸ் நண்பன் திருவேற்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். அங்கே பொங்கல் விழா. லெமன் அண்ட் ஸ்பூனுக்கும் குழந்தைகள் டான்ஸுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ரிஜெக்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சொந்தமாக எழுதிய பாட்டை எடுத்தார்.

"காலீல எழுந்து பாத்தேன், ஊட்ல அவள காணோம்..."

கொயர் ஊதினான். ரிஜெக்ட் மறுபடியும், "காலீல எழுந்து பாத்தேன், ஊட்ல அவள காணோம்..."

"மொத தடவையே கேட்டுச்சு சார்!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அவ போனா போறா, கேஸ் சிலிண்டரையும் காணோம்!"

முன்வரிசையில் ஒரு அம்மாள் உண்மையான கவலையோடு, "ஆப்ல புக் பண்ணா வந்துடுமே?" என்றார். இரண்டாவது சரணத்தில் ரெகுலேட்டரும் போனது. மூன்றாவது சரணம் என்ன ஆகுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது குடியிருப்பின் செயலாளர் மேடை ஏறினார். "சார், குழந்தைங்க இருக்காங்க. கொஞ்சம் பாசிட்டிவா ஏதாவது பாடுங்களேன்" என்றார்.

"சிலிண்டர் திரும்பி வந்த மாதிரி பாட சொல்றியா?" என்றார் ரிஜெக்ட், மைக்கிலேயே. நாங்கள் சக்கரைப் பொங்கல்கூட வாங்காமல் கிளம்பினோம். திருவேற்காட்டு ஜனங்களுக்கு ரசனை கிடையாது என்று வேனில் அம்பத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்தது ஆவடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை அதே போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். இன்ஸ்பெக்‌ஷன் அண்ணனைக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் தன் போல்ட்டுகளுக்கு நல்ல காலம் பிறக்கும் என்று நம்பிய அப்பாவி. கல்யாணப் பாட்டாகப் பார்த்துப் பாடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "ப்ளூஸ்ல கல்யாணத்துக்கு அப்பால நடக்கறதுதான் நைனா கீது" என்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு போட்டோவுக்கு நிற்க, பக்கத்து மேடையிலிருந்து, "காலீல எழுந்து பாத்தேன், ஊட்ல அவள காணோம்." இரண்டு தரம். பெண்ணின் தாய்மாமன் வந்தார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கித் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் போல்ட்டுகள் ஒரு பெட்டி நிறைய சிவப்பு டப்பாவுக்குப் போனது தனிக் கதை. பழிவாங்கினாரா என்று கேட்டேன். "சே, சே. அளவு தப்பு" என்றார். அளந்து வேறு காட்டினார். தப்புத்தான்.

இப்படி, ஒரு பாட்டைக்கூட முழுசாகப் பாட விடாத ஊரில் இந்தக் கலை வாழ்க்கை எப்படியோ நகர்ந்துகொண்டிருந்தபோது, முத்தாபுதுப்பேட்டை மாதா கோயில் திருவிழா வந்தது. தேர் முடிந்த பிறகு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. அவர்கள் கீபோர்டும் டிரம்ஸும் மாட்டி முடிக்கிறவரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொயர் அந்தக் கோயில் பையன் என்பதால் அந்த இடம் எங்களுக்குக் கிடைத்தது. காலி இடத்தை அடைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 'முன்னணி நிகழ்ச்சி' என்று சொல்லி வைத்திருந்தேன்.

சிலிண்டர் காணாமல் போன இடத்தில் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "பெருசு, நீ எறங்கு! நம்ம பையன் பாடட்டும்!" கொயர் தலையைக் குனிந்துகொண்டான். ரிஜெக்ட் கூட்டத்தை முறைத்தார், அவனை முறைத்தார். பிறகு மைக்கை அவன் பக்கம் திருப்பினார். "பாட்றா. நீயும் வாங்கிக் கட்டிக்கோ."

கொயர் அதே பாட்டைத்தான் பாடினான். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினான்.

"காலீல எழுந்து பாத்தேன், ஊட்ல அம்மாவ காணோம்..."

அவன் அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அடக்கத்துக்கு வந்தவர்கள். அவன் அந்த வரியை இரண்டாவது தரம் பாடியபோது யாரும் கத்தவில்லை.

"டீ போட்டு ஊத்த போனேன், ரெண்டு கிளாஸ் எடுத்துட்டேன்."

சுதி அவன் சொல்லாமலே மயிரிழை இறங்கியது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஒயர் மாட்டுவதை விட்டுவிட்டு நின்றார்கள். நான் ரிஜெக்ட்டைப் பார்த்தேன். கிதாரை நிறுத்தாமல், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கி வந்ததும், "ஜெனரேட்டர் பொகை கண்ல பூந்துச்சு. ஏற்பாடு சரியில்ல, ரிஜெக்ட்" என்றார்.

அந்த வாரமே ஆர்க்கெஸ்ட்ராக்காரர் மண்ணூர்பேட்டைக்கு வந்துவிட்டார். நான் கீழ் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். விஷயம் இதுதான். கொயரைத் தன் குழுவில் நிரந்தரப் பாடகனாகச் சேர்த்துக்கொள்ள அவர் ஆசைப்படுகிறார். அடுத்த மாதம் சிங்கப்பூர், மலேசியா என்று வரிசையாக நிகழ்ச்சிகள். ஆனால் பையன் பிடிவாதமாக மறுக்கிறான்.

"உங்கள விட்டுட்டு வரமாட்டேங்கறான் சார். அவங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ ராத்திரி பகலா கூடவே இருந்தது நீங்கதானாமே. நீங்க சொன்னாதான் கேப்பான்."

எனக்கு இது புதுச் செய்தி; நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான் போலிருக்கிறது. ரிஜெக்ட் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி மீசையைத் தடவினார்.

"பையன் எப்படி சார்? ஏதாவது குறை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க" என்றார் வந்தவர்.

போச்சு என்று நினைத்தேன். இந்த மனிதரிடம் போய்க் குறை கேட்கிறாரே! ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொயர் காலமெல்லாம் இந்த மொட்டை மாடியில்தான்.

ரிஜெக்ட் கிதார்க் கம்பி ஒன்றை முறுக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு, "இருவது வருசமா போல்ட்ட அளந்து பாத்துகினு கீறேன். கொறையே இல்லாம ஒண்ணு கைல வந்ததில்ல. இவன்தான் வந்தான்" என்றார். "இட்டுகினு போ. அவன நான் அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை கொயர் வழக்கம்போல வந்து மவுத் ஆர்கனை வெளியே எடுத்தான்.

"உள்ள வை. ஒன் ஊது நமக்கு சரிப்பட்டு வரல. வேற ஆள் பாத்துட்டேன்" என்றார் ரிஜெக்ட்.

"யாரு அண்ணே?"

"தோ, கம்ப்யூட்டரு."

நான் வாழ்க்கையில் ஊதியவை பலூனும் சூடான பாலும்தான். கொயர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். "இவுரா? இவுருக்கு கை தட்டினாலே தாளம் தப்புமே அண்ணே!"

"தப்பட்டும். அதான் எனுக்கு வோணும். நீ ரிஜெக்ட்டு. கெளம்பு."

பையன் மவுத் ஆர்கனைப் பையில் திணித்தான். மாடிக் கதவை எட்டி உதைத்துவிட்டு இறங்கிப் போனான். தெருமுனை திரும்புகிறவரை ரிஜெக்ட் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏண்ணே இப்படி?" என்றேன். எனக்குக் கோபம்தான்.

"நல்லா கீறடா, போய் வான்னு சொன்னா போவானா அவன்? என் கால கட்டிகினு இங்கயே குந்திக்குவான். ரோஷம் வந்தாத்தான் படி எறங்குவான்." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தம் புது மவுத் ஆர்கனை எடுத்து என் கையில் திணித்தார். எனக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருந்திருக்கிறார், கிராதகர்.

கொயர் இப்போது ஊர் ஊராகப் பாடுகிறான். வீடியோக்கள் வருகின்றன. ரிஜெக்ட் ஒன்று விடாமல் பார்ப்பார். மேடை விளக்கு ரிஜெக்ட், கோட்டு ரிஜெக்ட், கீபோர்டு மகா ரிஜெக்ட். பையன் குரல் வரும்போது மட்டும் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். பையன் இதுவரை ஒரு போன்கூட அவருக்குச் செய்யவில்லை. அன்றைக்கு நடந்ததை அவனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம், எழுதக் கூடாது என்று இல்லை.

என் ஆபீசைப் பழைய மகாபலிபுரம் ரோட்டுக்கு மாற்றி ரொம்ப நாளாகிறது. அந்தப் பக்கமே வீடு பார்த்தால் தினம் போக வர மூன்று மணி நேரம் மிச்சமாகும் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்கூடம், தண்ணீர், வாடகை என்று நானும் ஏதேதோ சாக்குச் சொல்லிவருகிறேன். உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மனிதரை மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து பாட விட எனக்கு மனசு வரவில்லை.