வயிற்றுக்குள் ஹைட்ரஜன்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேரே விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். தங்களைத் 'தாங்கள்' என்று எழுதுவதிலேயே என் கோபம் புரிந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாகத் தாங்கள் அனுப்பிய காரத் தண்ணீர் (அதான், ஆல்கலைன் வாட்டர்) இயந்திரத்தை, சமையலறைக் குழாயில் நானே மாட்டி இருபது நாளாகிறது. தங்கள் அக்கா தினமும் ஆறு டம்ளர் குடித்தாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்து, பிறகு தெளியும். "இது என்ன நுரை?" என்றேன். "ஹைட்ரஜன் குமிழியாம்ங்க. கரண்ட் பாய்ச்சுனா தண்ணியிலேருந்து வருமாம். தம்பி சொன்னான்" என்றாள். முப்பத்தோரு வருடம் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். சோதனைக் குழாயில் விரலளவு ஹைட்ரஜன் பிடித்துத் தீக்குச்சி காட்டினாலே 'டப்' என்று வெடிக்கும். இவளுக்குள்ளோ ஆறு டம்ளர்! முந்தாநாள் அடுப்பருகே நின்று நீளமாக ஓர் ஏப்பம் விட்டாள். நான் பாய்ந்து அடுப்பை அணைத்ததில் பால் பாத்திரம் கவிழ்ந்தது. "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தியவள், அப்படியே தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. "குமிழியெல்லாம் வெடிக்காது சார், துளியூண்டு காத்து, டம்ளரை வச்சாலே பறந்துடும்" என்று சிரித்த டாக்டரம்மா, சட்டென்று அவள் பக்கம் திரும்பி, "பிரஷர் மாத்திரையை எப்போம்மா நிறுத்தினீங்க?" என்றார்.

"இருபது நாளாச்சு. இந்தத் தண்ணியே போதும்னு தம்பி சொன்னான்."

குமிழிக்குப் பயந்து அடுப்பைக் காவல் காத்தவன், மாத்திரை டப்பாவை ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லையே! ஆகவே, உடனே வந்து இயந்திரத்தை எடுத்துப் போகவும். இனி வைத்தியம் பற்றித் தாங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஆசிகள். தங்களுக்கு மட்டும் நேரில்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இயந்திரத்தைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியன், "சார், இதுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே குடுக்கலையே! குழாயில காத்து கலந்து வந்த வெள்ளை இது" என்கிறார். "அப்போ நான் குடிச்சது வெறும் தண்ணி. மாட்டினது நீங்க. தம்பி என்ன பண்ணுவான்?" என்கிறாள் தங்கள் அக்கா. அவள் பிடிவாதம் பிடித்ததால் எடுத்துப் போக வரவேண்டாம், கனெக்‌ஷன் கொடுத்தாயிற்று. மாத்திரையும் கையுமாக நின்றேன். முதல் டம்ளரை நான் குடித்தால்தான் மாத்திரையை விழுங்குவாளாம். குடித்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால், ருசியாகத்தான் இருக்கிறது.