காரத்தின் மேல் விழுந்த பழி

மாடிவீட்டு வாத்தியாரை ஓட்டப்பந்தயத்தில் மண்ணைக் கவ்வ வைக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் போட்டார் கடிகாரக் கடைக்காரர். நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட வைக்கிற மனுஷன், திடுதிப்பென்று தானே ஓடினால்? முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"வலிக்குதாங்க?" என்றாள் மனைவி.

"வலியா? எனக்கா?" என்றவர் மறுநாளும் ஓடக் கிளம்பினார்.

முட்டியைப் பற்றித் திறக்காத வாய், சாப்பாட்டைப் பற்றித் திறந்தது.

"என்னடி காரம் இது? வயிறு பத்திக்கிட்டு எரியுது!"

அவள் பத்து வீட்டுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டுகிறவள்; மாடி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அந்த ஒரு வார்த்தை படியிறங்கித் தெருவெல்லாம் சுற்றிவிட்டு மாடிக்கும் ஏறிவிட்டது.

"தப்பா நினைக்காதம்மா," என்று வந்து நின்றார் வாத்தியார். "உன் வீட்டுக்காரருக்கே தாங்கலையாமே. அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு டப்பா வேண்டாம்."

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அதே சோற்றைத்தானே குழந்தைக்கும் பிசைந்து ஊட்டுகிறாள்! அது சப்புக்கொட்டித் தின்கிறதே!

அன்று மத்தியானம், நாற்றம் தாங்காமல் அவருடைய ஷூவைக் கழுவ எடுத்தாள். உள்ளே பாதி காலியான மாத்திரை அட்டை! மருந்துக்கடை அக்காவிடம் ஓடினாள்.

"முட்டி வலி மாத்திரைம்மா. வெறும் வயித்துல போட்டுக்கிட்டே இருந்தா வயிறு புண்ணாயிடும். வலி தெரியாம ஓடினா முட்டியும் போச்சு. யாருக்கு?"

"ஷூவுக்கு, அக்கா."

அட்டை அரிசி டப்பாவுக்குள் போயிற்று.

விடிந்ததும் அவர் ஷூவை உதறினார், குடைந்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்லையே!"

வலியே இல்லாத மனுஷன் மாத்திரையை எப்படிக் கேட்பார்? ஓட்டம் நின்றது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "ஓய்வும் ஒரு பயிற்சிதான்," என்றார். அவளோ மிளகாயை ஒரு பிடி கூட்டினாள். மனுஷன் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாரக் கடைசியில் வாத்தியாரைக் கீழே கூப்பிட்டாள்.

"ஏங்க, வயிறு எப்படி இருக்கு?"

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்!" என்று மார்தட்டினார் கணவர்.

"காரத்தைக் குறைச்சிட்டியாம்மா?" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க சார்," என்று தலையைக் குனிந்துகொண்டாள். "இவரு ஷூவைக் கழுவினேன்."

அட்டை மேஜைக்கு வந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார். நீட்டிய காலைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து ரெண்டு டப்பாவா கட்டும்மா. நானே வந்து எடுத்துக்கறேன். பாவம், அவரை மாடிப்படி ஏற விடாதே!"