மூன்று கிழமை, ஒரு மாமரம்

ஒசூரில் கேரண்டி அண்ணன் உறுதி கொடுக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அது காலையில் சூரியன் உதிப்பது மட்டும்தான். அதுவும் அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதால்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் அவருக்குப் பக்கத்து அறை. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். "சாம்பார்ல இன்னிக்கு உப்பு சரியா இருக்கும், கேரண்டி" என்பார். இருக்காது. உடனே மெஸ்ஸுக்குள் புகுந்து உப்பு டப்பாவைத் தூக்கி வந்து ஆளாளுக்குப் போட்டுவிடுவார். "அஞ்சு நிமிசத்துல பஸ்ஸு, கேரண்டி" என்பார். வராது. தக்காளி வண்டியை மறித்து எங்களை ஏற்றிவிடுவார். தக்காளி வாசனையோடு வேலைக்குப் போனாலும், நேரத்துக்குப் போய்விடுவோம். ஒரு முறை எனக்குக் கடும் காய்ச்சல். "நாளைக்கு எழுந்துருவ தம்பி, கேரண்டி" என்றவர், நான் எழுந்திரிக்கிற வரை லீவு போட்டு உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட மனுஷன் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்?

அவருக்குச் சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அந்த ஊர்த் தோட்டக்காரர் ஒருவர், மாமரத்தை ஒற்றை மரமாக விற்கிறேன் என்று கிளம்பியிருந்தார். பணம் போட்டால் மரத்தில் நம் பெயர்ப் பலகை தொங்கும், வருஷா வருஷம் விளைச்சலில் பங்கு வரும். எங்கள் அறையில் மூன்று பேர். திருநெல்வேலிக்காரன் நான், தெலுங்கு பேசும் வெங்கடேஷ், கன்னடம் பேசும் பையன் மஞ்சு. யோசித்துக்கொண்டிருந்தோம்.

"மூணு மரத்தையும் நானே உள்ள போயி தொட்டுப் பார்த்துட்டு வந்தேன். தனித்தனி மரம். கேரண்டி" என்றார் அண்ணன். அன்றைக்கே மூவரும் பணத்தைப் போட்டோம்.

எங்கள் கம்பெனியில் வாரலீவு ஆளுக்கொரு கிழமை. எனக்குச் செவ்வாய், வெங்கடேஷுக்கு வியாழன், மஞ்சுவுக்கு ஞாயிறு. அவரவர் கிழமையில் குந்தாரப்பள்ளிக் கூட்டுரோட்டில் இறங்கி, வண்டி மாறி, மரத்தைப் பார்த்து வருவோம். நான் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தேன். மஞ்சு தன் மரத்துக்கு முத்தமே கொடுத்தான். போட்டோக்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம். எல்லா மாமரமும் ஒரே மாதிரிதானே இருக்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே நாளில் லீவு. மெஷினுக்குப் பொட்டு வைப்பவன் மரத்துக்கு வைக்க மாட்டானா? நான் பூசணிக்காயோடு கிளம்பினேன். துணைக்குக் கேரண்டி அண்ணன். போய்ப் பார்த்தால், மரத்தடியில் வெங்கடேஷ் மாலையோடு நிற்கிறான். எதிர்ப்பக்கம் மஞ்சு வாழைக்கன்றோடு வருகிறான்.

"இதி நா செட்டு ரா!"

"இது நன் மரா!"

"ஏய், இது என் மரம்யா!"

மூன்று பாஷையில் ஒரே சொத்துத் தகராறு. நடுவில் காவல்காரர், மூன்று பெயர்ப் பலகைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பரிதாபமாகக் கேட்டார்: "இன்னிக்கு யாரு முறைன்னு முதலாளி சொல்லவே இல்லைங்களே!"

முதலாளியின் போன் அன்றோடு அணைந்துபோனது. ஆளும் ஊரில் இல்லை. நாங்கள் வழக்குப் போட்டோம். "ஓடினவன் எப்ப கிடைப்பானோ, சொன்னவரையும் சேர்ப்போம்" என்று எங்கள் வக்கீல் கேரண்டி அண்ணனையும் சேர்த்துவிட்டார். "அவர் ஒரு பைசா கமிஷன்கூட வாங்கலையே சார்" என்றேன். "வாங்க வேண்டாம் தம்பி. ஏமாத்துற எண்ணம் இல்லேன்னா மோசடி ஆகாது, சரி. ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு அடிச்சுச் சொல்லி, அதை நம்பி நீங்க பணம் போட்டிருந்தா, அதுக்கும் பொறுப்பு உண்டு" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அண்ணனின் வக்கீல் அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். 'கேள்விப்பட்டதைச் சொன்னேன்' என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். தப்பிக்காவிட்டால் கையில் இருக்கும் சேமிப்பு போய்விடும். அது லீஸுக்கு வீடு பிடித்து, ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்துவர வைத்திருந்த பணம். தீபாவளிக்குள் வீடு என்று அவர்களுக்கும் கேரண்டி கொடுத்திருந்தார். வழக்குப் போட்ட நானே அவர் அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கூண்டில் ஏறினார். "இவர்களிடம் எந்த பாஷையில் சொன்னீர்கள்?" என்று கேட்டார் எங்கள் வக்கீல்.

"அவங்கவங்க பாஷையில சொன்னேங்க. கேரண்டிங்கிற வார்த்தை மட்டும் மூணுலயும் ஒண்ணுதான்."

நீதிபதியே சிரித்துவிட்டார். "கேள்விப்பட்டதைத்தானே சொன்னீர்கள்?" என்று அண்ணனின் வக்கீல் வழி எடுத்துக் கொடுத்தார்.

அண்ணன் எங்கள் மூவரையும் பார்த்தார். "இல்லீங்க. பார்த்தேன்னுதான் சொன்னேன். ஆனா பார்க்கல. வாசல்லயே தோட்டக்காரன் மோர் குடுத்தான். நம்ம ஊர்க்காரனாச்சேன்னு குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். என்னை நம்பித்தான் இந்தப் பசங்க போட்டாங்க."

தீர்ப்பு வந்ததும் மொத்தத்தையும் கொடுத்தார். வேண்டாம் அண்ணே என்று மூவரும் மறுத்துப் பார்த்தோம். உப்பு டப்பாவோடு நிற்பாரே, அதே முகம். "வாங்குங்கடா, நான் சொன்ன சொல்லு" என்று கையில் திணித்தார். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வேப்பனப்பள்ளிக்கே போய்விட்டார். தீபாவளிக்குக் குடும்பம் ஒன்றாகத்தான் இருந்தது, ஒசூரில் இல்லை, அவ்வளவுதான்.

அவர் அறையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பஸ் வராவிட்டால் வராததுதான். வண்டியை மறிக்க ஆளில்லை. போன வாரம் மனசு கேட்காமல் போன் போட்டேன்.

"எப்ப அண்ணே ஒசூர் பக்கம் வருவீங்க?"

"மாங்கா சீசன்ல வரேன் தம்பி."

"கேரண்டியா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

கேரண்டி என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் திரும்பக் கேட்க முடியுமென்றால், அதே மாமரத்தை இன்னொரு தடவைகூட நான் வாங்குவேன்.