எல்லோருக்கும் ஓ பாசிட்டிவ்

நெருப்பெரிச்சல்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அப்புசாமி அவர்களுக்குச் சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அருள்புரத்தில் உங்கள் வீட்டார் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நித்யஸ்ரீ வேளைக்குச் சாப்பிடுகிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"ரத்தம் நெகட்டிவ்ங்கறதை மறைச்சுப் பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று சம்பந்தியம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மறைக்கவில்லைங்க. எங்களுக்கே தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

போன வருசம், என் பனியன் கம்பெனியில் சரக்கெடுக்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் மறுநாள் வருகிறார், தொழிலாளர் அட்டையில் ரத்த குரூப் இருந்தாக வேண்டும் என்றார்கள். நூற்று நாற்பது பேரைச் சோதிக்க நேரம் ஏதுங்க? எல்லோருக்கும் ஓ பாசிட்டிவ் என்று அடிக்கச் சொல்லிவிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்து சூப்பர்வைசர் விஜயராணி மட்டும், "மொதலாளி, எனக்கு பி பாசிட்டிவ்லா" என்றாள். "உன்ற ரத்தத்தை ஆடிட்டர் குடிக்கவா போறாரு, போ கண்ணு" என்றேன். ஆபீசைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் நித்யஸ்ரீக்கும் அதே அட்டைதான். ஆடிட்டர் பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே அவளுக்கு நாலு மாதக் கரு கலைந்தது. கிளினிக்கில் குரூப் பார்க்க ரத்தம் எடுக்க வந்தார்கள். அழுகிற பிள்ளையை இன்னொரு தரம் குத்த வேண்டாமென்று, அவள் பையிலிருந்த அட்டையை நான்தான் எடுத்து நீட்டினேன். "கம்பெனி கார்டுங்க, தப்பா இருக்குமா?" என்று வேறு கேட்டேன். அதை அடிக்கச் சொன்னவனே நான் என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அவள் நெகட்டிவ் என்று தெரிந்து மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட்டிருந்தால் போதுமாம். போடாததால், கலைந்த கருவின் பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்த்து அவள் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி, இப்போது வயிற்றிலிருக்கும் பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிறதாம். வாராவாரம் கோயமுத்தூரில் ஸ்கேன். பிள்ளைக்கு ரத்தம் குறைந்தால் வயிற்றுக்குள்ளேயே ஏற்றுவார்களாம். நேற்றுவரை பரவாயில்லை. "அடுத்த ஸ்கேன் பாத்துத்தாங்க சொல்ல முடியும்" என்கிறார் டாக்டர்.

ஒரு ரோல் துணியில் ஷேடு மாறினாலும் வெயிலில் விரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவன் நான். பெற்ற மகளை விரலில் ஒரு குத்து குத்திப் பார்க்கவில்லை.

ஆகவே பழி முழுக்க என்னுடையது. இதைச் சம்பந்தியம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும். அவருக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு ஆசிகளும்.

தங்கள்
சென்னியப்பன்

பி.கு.: "எல்லாத்துக்கும் ஒரே குரூப்பா போட்டு வுடுங்க சம்பந்தி, எங்க கம்பெனிலயும் அப்படித்தான் போட்டேன்" என்று அன்றைக்கு போனில் யோசனை சொன்னது நீங்கள்தான் என்பதை, மரியாதை கருதி மேலே எழுதவில்லை. இந்த வரியை நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். நித்யஸ்ரீயை இன்னொரு வார்த்தை சொன்னால், நானே வந்து படித்துக் காட்டுகிறேன்.