அசல் கரகரப்பு

மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டதுதான் தப்பாகிவிட்டது. சொக்கநாதன் ஏறிப் பார்த்தபோது, அதிகாரி பாலகுருவின் ராக் இசைத்தட்டு சுட்ட அப்பளம் போல ஓரமெல்லாம் வளைந்து கிடந்தது.

"கனகம்," என்று கூப்பிட்டார்.

மனைவி வந்து பார்த்தாள். "இதை ஏங்க வெயில்ல வச்சீங்க?"

"கழுவினேன். ஈரமா இருந்துச்சு."

"கழுவினீங்களா? எதுல?"

"பாத்திரம் தேய்க்கற சோப்புலதான். உன் தம்பி கலைவாணன்தான் தூசி இல்லாம கொண்டாரச் சொன்னான்."

"அவன் துடைக்கச் சொல்லியிருப்பான். தட்டுன்னதும் நீங்க சோத்துத் தட்டுன்னு நினைச்சிட்டீங்க."

பதிலுக்குக் கோபப்படக்கூட சொக்கநாதனுக்குத் தெம்பில்லை. காரைக்கால் அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். போன வாரம் புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பேச்சு கசிந்தது. இங்கிருந்து யாரையோ யானாமுக்கு மாற்றப்போகிறார்களாம். காரைக்காலில் சர்க்கார் வேலை பார்ப்பவரிடம் யானாம் என்று சொல்லிப் பாருங்கள், காய்ச்சல் கண்டுவிடும். ஒரே சர்க்கார்தான், ஆனால் ஊர் ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் கிடக்கிறது. கனகம் இங்கே பள்ளிக்கூட டீச்சர். மகள் ஜெயப்ரியா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஆகவே போனால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். தெலுங்கில் அவருக்கு 'ஏமண்டி' என்ற ஒரு சொல் தெரியும். சமையலில் அந்த அளவுகூடத் தெரியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் பாலகுரு அவரைத் தனியாக அழைத்து அந்த இசைத்தட்டை நீட்டினார். உறையின் மேல் நீளமுடி வைத்த நான்கு வெள்ளைக்காரர்கள் ஒரே குளியல் தொட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காலேஜ்ல படிக்கும்போது வாங்கினது, சொக்கநாதன். என் பிளேயர் கெட்டுப்போச்சு. உங்க மச்சினன் சவுண்டு சர்வீஸ் வச்சிருக்காராமே. இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரணும். ஹை குவாலிட்டியா இருக்கணும். ஊசி உரசற கரகரப்பு ஒண்ணுவிடாம வரணும். அதுதான் இதுக்கு உயிரு."

இதை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் யானாம் தன் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று சொக்கநாதன் முடிவு கட்டினார். பாலகுரு அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

கோட்டுச்சேரியில் மைக் செட் கடை வைத்திருக்கும் மச்சினன் கலைவாணனுக்குப் போன் போட்டார்.

"வளைஞ்சிருக்கா? லேசா சூடு காட்டி, மேல கனமா ஏதாச்சும் வைங்க மாமா. நேராயிடும்."

"லேசான்னா எவ்வளவு?"

"லேசாதான் மாமா."

தோசைக்கல்லுக்கு லேசு என்றால் புரியாது. கனகம் ஓடி வந்து அடுப்பை அணைப்பதற்குள் வீடெங்கும் பிளாஸ்டிக் வாடை பரவிவிட்டது. தட்டு ஊத்தப்பம் மாதிரி கொழகொழத்துக் கிடந்தது.

"பேசாம போயி உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் கனகம். "திட்டுவாரு. வாங்கிக்கிட்டு வந்துடலாம்."

"திட்டமாட்டாரு. யானாமுக்கு எழுதிடுவாரு."

தட்டைத் துணியில் சுற்றி, பஸ் ஏறி, கோட்டுச்சேரிக்குக் கொண்டுபோனார். கலைவாணன் திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அதன் மேல் ஏற்றி வைத்தான். மறுநாள் எடுத்தபோது தட்டு நேராக இருந்தது. முன்னைவிடப் பளபளப்பாகவும் இருந்தது. சொக்கநாதனுக்குப் போன உயிர் வந்தது.

கலைவாணன் அதைச் சுழலவிட்டு ஊசியை வைத்தான். ஊசி ஓரத்திலிருந்து சர்ரென்று வழுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றது.

"மாமா, கோடெல்லாம் உருகிப் போச்சு. இதுல இப்ப பாட்டே இல்லை."

வந்த உயிர் மறுபடி போயிற்று.

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவரைப் பார்க்க ஜெயப்ரியாவுக்குப் பாவமாக இருந்தது. செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். "அப்பா, இதே ஆல்பம் நெட்ல விக்கிறாங்க. ஹை குவாலிட்டியே இருக்கு. இதைக் கொடுத்துட வேண்டியதுதானே."

வாங்கிக் கேட்டுப் பார்த்தார்கள். பாட்டு துடைத்து வைத்த கண்ணாடி போல இருந்தது. அதுதான் வம்பு. கரகரப்பு மருந்துக்கும் இல்லை.

அப்பாவும் மகளும், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த கலைவாணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் கனகம் ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடித்தது.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"எனக்கு வேற வேலை இல்லை பாருங்க," என்றாள் கனகம் முதலில். அப்புறம் அவளுக்கே சுவாரசியம் தட்டிவிட்டது. கலைவாணன் மைக்கை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு காதில் ஹெட்போனோடு நின்றான்.

"உளுத்தம்பருப்பு வேணாம்க்கா, சத்தம் கட்டையா வருது. கறிவேப்பிலையும் போடாதே, மழை பேயற மாதிரி இருக்கு. கடுகு மட்டும். எண்ணெயைக் குறை."

ஒரு தடவை குக்கர் கூவியது. ஒரு தடவை தெருவில் மீன்காரி காசியம்மா 'கெழுத்தி, கெழுத்தி' என்று குரல் கொடுத்தாள். ஒரு தடவை வரமிளகாய் எண்ணெயில் விழுந்து கனகம் அடுக்கடுக்காகத் தும்மினாள். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டதாகச் சொல்லி, கடுகையும் ராக் பாட்டையும் கலந்து கொடுத்தான் கலைவாணன். கேட்டால், ஐம்பது வருஷம் ஓடித் தேய்ந்த தட்டு என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பாலகுரு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். எதிரே நின்ற சொக்கநாதன் காரைக்கால் அம்மையாரில் தொடங்கித் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டில் பாலகுரு சட்டென்று கண்ணைத் திறந்தார். "சொக்கநாதன், இதுல யாரோ தும்மற மாதிரி கேக்குதே."

சொக்கநாதன் சாமிகளை மறுபடி முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.

பாலகுரு பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். மெல்ல எழுந்து வந்து சொக்கநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"டிரம்ஸ் அடிக்கறவன் தும்மியிருக்கான். இத்தனை வருஷமா கேக்கறேன், இப்பத்தான் என் காதுல விழுது. இதுக்குப் பேருதான் குவாலிட்டி. உங்களை நான் என்னவோன்னு நினைச்சேன், சொக்கநாதன்."

சொக்கநாதன் மிதந்துகொண்டே தன் நாற்காலிக்கு வந்தார். கனகத்துக்குப் போன் போட்டு, "முடிஞ்சுது. யானாம் இல்லை," என்றார். மத்தியானம் வீட்டில் வஞ்சிரம் வறுக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ராக் இசை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பதினோரு மணி டீயோடு, கேட்காமலே இரண்டு மசால்வடையும் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தது அலுவலக உதவியாளர் சின்னப்பிள்ளை. எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீயை வைப்பவள், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"என்னம்மா விசேஷம்?" என்றார் சொக்கநாதன் வடையைக் கடித்துக்கொண்டே.

"நீங்க நல்லா இருக்கணும் சார். யானாம் ஆர்டரு வந்தது நம்ம பெரிய சாருக்குத்தான். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்னாங்களாம். காலையில வரைக்கும் என் பேருதான் இருந்துச்சு, வீட்ல இன்னும் ரெண்டு பீரோ நிறைய பாட்டு ரிக்கார்டு இருக்குன்னு சொல்லி இப்பத்தான் உங்க பேரை மாத்தி எழுதினாரு."