புகையில தெரியாது

செய்த பாவத்தை மாதா கோயில் சாமியார்கள் மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். பாவம் கேட்க உட்காரும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து முதலாமவர் இருமினார். இரண்டாமவர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். மூன்றாமவர் சிரித்தே விட்டார். (சாமியார் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. தொட்டி குலுங்கியது மட்டும் நன்றாகத் தெரிந்தது.) மூவரும் மன்னித்துவிட்டார்கள். ஆனால் நான் அவர்களிடம் சொன்னது பாதிதான். மீதியை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஒரு காலத்தில் சினிமா நடிகை. ஒரு காலம் என்றால் ஏழு மாதம். ஒரே ஒரு படம். அதில் நாலு காட்சி. அந்த நாலில் மூன்றில் நான் கற்சிலை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். எனக்குப் பதினெட்டு வயது. பெயர் பிலோமினா. சாந்தோமில் வீடு. அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் எனக்குச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதர் வேஷம், கிடைக்கும். (முதுகில் அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நிற்க வேண்டும். நிற்பதில் நான் மகா கெட்டிக்காரி.) ஒரு வருஷம் அந்த நாடகத்துக்கு யாரோ அழைத்து டைரக்டர் நாகசாமி வந்திருந்தார். மயிலாப்பூர்க்காரர். நாடகம் முடிந்ததும் அப்பாவிடம் வந்து, "சார், உங்க பொண்ணுக்கு அசல் அம்மன் முகம். என் படத்துக்குக் குடுங்கோ" என்று கேட்டார்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். மூன்று நாளும் நான் சாப்பிடவில்லை. (அடுக்களையில் தனியாகச் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். அம்மா கூடவே வர வேண்டும். சொந்தப் பெயர் எங்கும் வரக்கூடாது.

டைரக்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பக்திப் படத்தில் பிலோமினா எப்படி அம்மனாக வருவாள்? ஆகவே நான் குமாரி பத்மலோசனி ஆனேன். அச்சடித்த நோட்டீசில், பத்மலோசனி ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவர், விடியலில் நீராடுபவர், வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் தொடாதவர் என்றெல்லாம் போட்டார்கள். கடைசி விஷயம் மட்டும் சத்தியமான உண்மை. யேசு சிலுவையில் மரித்த நாள் என்று எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை யாருமே தொட மாட்டோம்.

பத்மலோசனி என்ற கையெழுத்தை நான் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கப் போட்டுப் பழகினேன். கூடப் படித்த பெண்களிடம், "இனிமேல் உங்களோடெல்லாம் முன்னே மாதிரி பேச நேரம் இருக்குமோ என்னவோ" என்று வருத்தத்தோடு சொன்னேன். அவர்கள் என்னை அறையாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

அடையாற்றுப் பக்கம் ஒரு தோப்புக்கு நடுவே ஸ்டூடியோ. முதல் நாளே என் குறை தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எதை ஆரம்பித்தாலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்போம். மாவு பிசைய, ஊசியில் நூல் கோக்க, டிராமில் ஏற, எல்லாவற்றுக்கும். அம்மா பாலூட்டும்போதே பழக்கியிருப்பாள் போலிருக்கிறது. கிளாப் பலகை டப்பென்று தட்டியதும் என் வலது கை தன்னால் எழும்பி நெற்றி, மார்பு, இரண்டு தோள் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். அதற்கப்புறம்தான் நான் சிலையாவேன்.

"சிலை அசையறதேடீ!" என்று கத்துவார் டைரக்டர். அவர் கத்தியதிலும் நியாயம் உண்டு. அரிசி மாதிரி பிலிமுக்கும் அப்போது கட்டுப்பாடு. சர்க்கார் அளந்து கொடுத்த பிலிமுக்குள் படத்தை முடித்தாக வேண்டும். "உன் சிலுவைக்கு மட்டும் எத்தனை அடி போறது தெரியுமா?" என்று பல்லைக் கடிப்பார். என் கை அடங்கிய பிறகு உள்ளதை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதை எடிட்டர் நறுக்கிவிடுவார். கடைசியில் டைரக்டரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். என் வலது கையில் காகிதத் தாமரை ஒன்றைக் கொடுத்து, "விட்டேன்னா கையை ஒடிச்சுடுவேன்" என்றார். அதோடு சிலை அடங்கியது.

நாலாவது காட்சிதான் எனக்கு உயிர். கண் தெரியாத பக்தர் சன்னிதியில் நின்று கதறுவார். சிலை இருந்த இடத்தில் குபீரென்று புகை எழும்பும். புகைக்குள் நான் பட்டுப் புடவையில் நேரில் தோன்றுவேன். அந்த நொடியே பக்தர் "தாயே!" என்று கூவ வேண்டும். நான் வலது கையை உயர்த்திப் பார்வை கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தோன்றுவது என்றால் இப்படித்தான்: காமிராவை நிறுத்திவிடுவார்கள். பக்தர் இம்மி அசையாமல் நிற்பார். நான் ஓடிப்போய்ப் புடவை மாற்றிக்கொண்டு அதே இடத்தில் வந்து நிற்பேன். புகையைப் போட்டு மறுபடி காமிராவை ஓட விடுவார்கள். ஓடத் தொடங்கும்போதே நான் அங்கே இருக்க வேண்டும், பக்தரும் கூவ வேண்டும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் எடிட்டர் கத்தரி வைக்க முடியாது. வைத்தால் பக்தரின் கூவல் அதோடு போய்விடும்.

வலது கையை உயர்த்த வேண்டுமே, அதனால் தாமரை இடது கைக்குப் போயிற்று. இதன் ஆபத்தை யாருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

பக்தர் கால் மணி நேரமாகக் கைகூப்பியபடி வியர்த்துக்கொண்டிருந்தார். புகை எழும்பியது. காமிரா ஓடியது. "தாயே!" என்று கூவினார். தாயானவள் நெற்றியில் கை வைத்து, மார்பில் வைத்து, இடது தோள், வலது தோள் என்று முறையாக முடித்து, அப்புறம் பார்வை கொடுத்தாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டைரக்டரிடம் ஓடினேன்.

"சார், சிலுவை போட்டுட்டேன் சார். இன்னொரு தரம் எடுத்துடலாமா?"

"பிலிம் என்ன உங்காத்துக் கொல்லையில காய்க்கிறதா? நானும் பாத்தேன். புகையில தெரியாது, போ!"

தெரியாது என்று பெரியவர் சொன்னால் தெரியாது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

படம் வெளிவருவதற்கு முன் படமுதலாளி எங்களைத் தியாகராய நகரில் தன் புது வீட்டுக்கு வரவழைத்தார். ராயப்பேட்டையில் மரவாடி வைத்து, மரம் விற்று முன்னுக்கு வந்தவர். வெள்ளை மனசு. "த பாரும்மா, மொத நாளு கொட்டாய்ல நீ வரச்சொல்ல ஜனம் கற்பூரம் கொளுத்துச்சுன்னு வெச்சுக்கோ, அடுத்த படத்துக்கு நீதான் ஈரோயினி. சமூகப் படம். காகிதம்லாம் ரெடியா கீது, கையெழுத்துதான் பாக்கி" என்றார்.

கதாநாயகி! அதற்கப்புறம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சிலையாக நிற்க வேண்டாம், பேசலாம், நடக்கலாம், அழலாம். அன்று நான் எதை வேண்டினேனோ அதைப் போல் என் வாழ்க்கையில் வேறு எதையும் வேண்டியதில்லை. கல்யாணத்தைக்கூட.

ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டிய அம்மா, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அது நம்ம பிலோதான்" என்று நாற்பது வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். முதல் நாள் மாலை மயிலாப்பூர்க் கொட்டகையில் பெண்கள் பக்கம் நாலு பெஞ்சு முழுக்க எங்கள் கோயில் ஜனம். அவர்களுக்கு முன்னால் மாடவீதி மாமிகள், பூவும் கற்பூரத் தட்டுமாக. நான் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில். ஆண்கள் பக்கத்தில் அப்பா. பின்னால் கதவோரம் முதலாளியும் டைரக்டரும். முதலாளி சட்டைப் பையில் அந்தக் காகிதம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

நாலாவது காட்சி வந்தது. பக்தர் கதறினார். கொட்டகை முழுக்க மூச்சடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன் வரிசை மாமி ஒருத்தி தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். புகை எழும்பியது.

டைரக்டர் சொன்ன புகை பொய்ப் புகை. அரை வினாடியில் விலகி என் முகத்துக்கு வழிவிட்டது. வீட்டுச் சுவர் அளவுக்கு என் கை எழும்பி, அவ்வளவு பெரிய நெற்றியைத் தொட்டு, மார்பைத் தொட்டு, தோள்களைத் தொட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன். கண்ணுக்கு முன்னால் ஒருத்தர் சிலுவை போட்டால் கூடவே போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கள் ஜனத்துக்கு. நாலு பெஞ்சும் ஒரே சமயத்தில் கையை உயர்த்திச் சிலுவை போட்டுக்கொண்டது. அந்த நிசப்தத்தில் என் பக்கத்திலிருந்து அம்மா, பூசையில் சொல்கிற அதே கணீர்க் குரலில், "ஆமென்!" என்றாள்.

மாமி கையில் தீக்குச்சி அணைந்தது.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "டேய் நைனா, இன்னாடா இது! அம்மன் கிறிஸ்து வேதத்துல சேந்துக்கினு கீது!"

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்கள். மாமிகள் சிரித்தார்கள், எங்கள் ஜனமும் சிரித்தது. பார்வை பெற்ற பக்தர் உருகி உருகிப் பாட, அது யார் காதிலும் விழவில்லை. பக்திப் படத்தைச் சிரிப்பைவிட வேகமாகக் கொல்வது வேறு எதுவும் இல்லை. நான் முக்காட்டை இடுப்பு வரை இழுத்துக்கொண்டேன்.

கொட்டகை மானேஜர் அறையில் எனக்கு விசாரணை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாளா? யாருக்கும் தெரியாம என் தலையில கல்லைப் போட்டுட்டாளே!" என்று டைரக்டர் நாகசாமி குதித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. டைரக்டருக்கு மெய்யாலுமே தெரியாதா?"

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். டைரக்டரின் கண் என் மேல் குத்திட்டு நின்றது. அப்போது என் மண்டைக்குள் ஓடிய கணக்கைச் சொல்லவே கூசுகிறது: இந்தப் படம் போயிற்று. இப்போது இவரைக் காப்பாற்றினால் இந்த மனுஷர் நன்றியோடு இன்னொரு படம் தருவார்.

"அவருக்குத் தெரியாது சார். நான்தான் மறைச்சுட்டேன்" என்றேன்.

ஏழு மாதத்தில் நான் தடுமாறாமல் பேசிய ஒரே வசனம் அதுதான். முதலாளி பையிலிருந்த காகிதத்தை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு, "நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்மா" என்று எழுந்து போனார். வெளியே வந்ததும் டைரக்டர் மெல்லிய குரலில், "கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் காத்திருந்துவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஆத்துல இல்லேன்னு சொல்லு" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்தச் சமூகப் படத்தை அவரேதான் எடுத்தார், வேறொரு பெண்ணை வைத்து. நன்றாக நடித்திருந்தாள், பாவி.

அப்பா வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் எழுந்து "தாயே!" என்று கூவுவார்களாம். ஒரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகள் முதலாளியை ஏமாற்றியவள் என்று நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

படத்தின் எல்லாப் பிரதிகளிலும் உடனே கத்தரி வைத்தார்கள். கையை மட்டும் வெட்ட முடியாதே, என்னை முழுசாக எடுத்துவிட்டார்கள். இது எனக்கே தெரியாது. போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் அந்தப் படத்தைப் போட்டபோதுதான் தெரிந்தது. கணவர், மகன், மகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். குமாரி பத்மலோசனி என்று பெயர் வந்ததும் கை தட்டினார்கள். சிலை வந்தது, ஏகப்பட்ட மாலைக்குள் மூக்கு மட்டும். பக்தர் கதறினார். படம் ஒரு குதி குதித்தது. பார்வை கிடைத்த பக்தர் கண்ணைத் திறந்து வெறும் புகையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதோ பாருங்க, உங்கம்மா" என்று புகையைக் காட்டினார் என் கணவர்.

அன்றிலிருந்து வீட்டில் எது புகைந்தாலும் இதே கூத்துதான். தாளிப்பு கருகினால், கொசுவத்தி கொளுத்தினால், மகன் சிலுவை போட்டுக்கொண்டு "அம்மா தோன்றிட்டாங்க" என்பான். மகள் "ஆமென்" என்பாள். வந்த மருமகனுக்கும் முதல் வேலையாக அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்களுக்குத் தெரிந்த கதையில் அம்மா அசடு, அவ்வளவுதான். சாமியார்களிடம் சொன்ன பாதியும் அதுதான். இன்னொரு தரம் எடுக்கலாமா என்று நான் கேட்டதோ, டைரக்டருக்குத் தெரியாது என்று பொய் சொன்னதோ அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாமலே போயிற்று. அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.