சோப்புக்கு ஆகாத தயிர்க்காரர்

மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரை சோப்பைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘உறை’ அண்ணாத்ததான். தொண்ணூறுகளின் கடைசியில் நான் வரவேற்பு மேசையில் நின்ற கடற்கரை விடுதியில், பாலுக்கு உறை ஊற்றித் தயிர் தோய்ப்பது மட்டுமே அவர் வேலை. அதனால் உறை. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

பிள்ளை பெற்ற வீட்டைப் போலத் தயிர் அறையைக் காப்பார். ஒருமுறை மேலாளரையே வாசலில் நிறுத்தி மோந்து பார்த்தார். “சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்துகிறீங்க சார். தயிரு தாங்காது. அப்பால வாங்க.” குளித்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட மேலாளர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த மேலாளர் எனக்குக் கெடு வைத்தார். என் முகம் முழுக்கப் பரு. “வெள்ளிக்கிழமை வெளிநாட்டு குரூப் வருது. அதுக்குள்ள முகம் சரியாகலேன்னா நீ லாண்டரிக்குப் போயிடு.”

கிருமிநாசினி சோப்பால் ஒரு நாளைக்கு எட்டு முறை தேய்த்தேன். பரு அப்படியே இருக்க, தோல் மட்டும் உரிந்து முகம் சுட்ட கத்தரிக்காய் ஆனது. பார்த்ததும் உறை பதறிவிட்டார்.

“இன்னாடா பண்ணிகினு கீற?”

“கிருமிய ஒழிக்கிறேன் அண்ணாத்த.”

“கெட்டுது போ! மூஞ்சில நல்ல கிருமியும் குடியிருக்குது நைனா. அதுங்கதான் காவலு. அல்லாத்தையும் தொரத்திட்டியே, இனிமே எவன் வேணா உள்ள பூந்துக்குவான்.”

சோப்பை நிறுத்தச் சொன்னார். தயிரின் மேல் நிற்கும் தெளிந்த தண்ணீரைத் தினமும் ஒருமுறை பூசி, வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னார். பல வருஷம் கழித்து, நல்ல கிருமி சேர்த்த க்ரீம்கள் கடைக்கு வந்த பிறகு, ஒரு தோல் டாக்டரிடம் இதைச் சொன்னேன். “நல்ல கிருமி இருக்கறதும் நிஜம், தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்துக்கறதும் நிஜம். ஆனா சமையக்கட்டுத் தயிரையெல்லாம் பூசாதீங்க” என்று சிரித்தார்.

தயிர்த் தண்ணீர் பூசிய அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவி கேட்டு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். விடுதிப் பூனை என் மேசையை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் எரிச்சல் தணிந்தது, சிவப்பு குறைந்தது. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் மூக்கு நுனியில் புதிதாக ஒரு பரு!

ஆடிப்போய்விட்டேன். ஒளித்து வைத்திருந்த சோப்பை எடுத்து நுரை பொங்கத் தேய்த்தேன். அதுவும் போதாதென்று, உறை சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தயிர் அறைக்குள் நுழைந்து, அன்றைய பாலுக்கு உறை ஊற்ற வைத்திருந்த தயிர்க் கிண்ணத்தில் அதே சோப்புக் கையை விட்டுத் தெளிந்த தண்ணீரை அள்ளிப் பூசிக்கொண்டேன். அன்று அவருக்கு ஜலதோஷம். மூக்கு காட்டிக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு சட்டியும் பாலாகவே நின்றன. அவர் கையில் அப்படி ஒருநாளும் ஆனதில்லை. குரூப் வந்து இறங்கும் நேரம். மேலாளர் தயிர்க் கோபத்தில் என் முகத்தை மறந்தே போனார்.

“யாரு உள்ள வந்தது?”

உறை சட்டிகளைப் பார்த்தார். பிறகு, தேய்த்துச் சிவந்திருந்த என் முகத்தைப் பார்த்தார்.

“ஒர்த்தரும் வர்ல சார். என் தப்புதான். நேத்து சோப்பு போட்டுக் கைய கழுவிட்டேன்.”

சோப்பு போட்டாராம், உறை! நம்புகிறவன் நம்பட்டும். எனக்கு வைத்திருந்த லாண்டரி அவருக்குப் போனது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் லாண்டரிக்கு ஓடினேன். முழங்கை வரை நுரையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “மூஞ்சி எரியுதா?”

அழுதுவிட்டேன்.

“அழுவாத. உப்புத் தண்ணி, இன்னும் எரியும்” என்று கண்ணைத் துடைக்கக் கையை நீட்டியவர், கையில் சோப்பு இருப்பது நினைவுக்கு வந்து சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

தொட்டிருக்கலாம் அண்ணாத்த.